கருப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கும் கர்ப்பம்: எந்த வாரத்தில் எந்தத் தொந்தரவு, எதற்கு என்ன செய்வது

ஸ்கேன் ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே "யூட்ரஸ் ரெட்ரோவெர்ட்டட்" என்று இருக்கும். சில இடங்களில் "ஆர்.வி." என்று மட்டும் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பதறி வருகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலான பெண்களுக்குக் கருப்பை முன்பக்கமாக, சிறுநீர்ப்பையின் மேல் கவிழ்ந்தாற்போல இருக்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது முதுகெலும்புப் பக்கம் சாய்ந்திருக்கும். பிறவியிலேயே அப்படி அமைந்திருக்கலாம், பிரசவத்துக்குப் பிறகு தசைநார் தளர்ந்தும் சாய்ந்திருக்கலாம். இந்த இரண்டுமே நோயல்ல. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), பழைய தொற்று, முன்பு செய்த வயிற்று அறுவை ஆகியவற்றால் கருப்பை பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பது வேறு வகை. அதைத்தான் கொஞ்சம் கண்காணிக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "அடி இறங்கியிருக்கு" என்று ஊரில் சொல்வது கருப்பை கீழே இறங்குவதை. சாய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இறக்கத்துக்குச் சொல்லும் எச்சரிக்கைகளைச் சாய்வுக்குப் பொருத்திக்கொண்டு மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டாம்.

ஒரு ரிப்போர்ட்டில் முன்சாய்வு, அடுத்ததில் பின்சாய்வு என்று வந்தாலும் யாரும் தவறு செய்துவிட்டதாக அர்த்தமில்லை. ஒட்டல் இல்லாத கருப்பை ஆடக்கூடியது. சிறுநீர்ப்பை நிரம்பினால் பின்னால் போகும், காலியானால் முன்னால் வரும்.

முதலில் வாரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரே தொந்தரவுக்கு 7ஆம் வாரத்தில் ஒரு பொருள், 15ஆம் வாரத்தில் வேறு பொருள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் முதல் ஸ்கேன் தந்த தேதியை வைத்துக்கொள்ளுங்கள். 12 வாரம் வரை கருப்பை இடுப்புக்கூட்டுக்குள்ளேயே இருக்கும். 12லிருந்து 14 வாரத்துக்குள் அது வளர்ந்து வயிற்றுக்குள் எழும். அப்படி எழும்போதே சாய்வும் தானாக நிமிர்ந்துவிடும். ஏறக்குறைய எல்லோருக்கும் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. மிகச் சிலருக்கு, சுமார் 3000 கர்ப்பங்களில் ஒன்றுக்கு, கருப்பை எழாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அந்த ஒன்றைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சிறுநீர்தான். இந்தக் கட்டுரையில் அதிக இடம் அதற்கே.

"ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை", "துடிப்பு வரவில்லை" என்கிறார்கள் (5 – 8 வாரம்)

முதலில் கேட்க வேண்டியது, செய்தது வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேனா, உள்ஸ்கேனா என்பதை. பின்சாய்ந்த கருப்பையின் உச்சி வயிற்றுத்தோலிலிருந்து தூரத்தில், சில சமயம் குடலுக்குப் பின்னால் இருக்கும். மேலிருந்து பார்த்தால் படம் மங்கலாகத்தான் வரும். "தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்" என்ற வழக்கமான ஏற்பாடும் இங்கே எதிராக வேலை செய்யலாம், நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையை இன்னும் பின்னால் தள்ளும். சிறுநீர் கழித்துவிட்டு உள்ஸ்கேன் எடுத்தால் தெளிவு கிடைக்கும். உள்ஸ்கேனால் கரு கலையாது. மெல்லிய குழல் யோனிக்குள் சில அங்குலம்தான் போகும், கருப்பைக்குள் நுழையாது.

உள்ஸ்கேனில் குழந்தை வளரும் நீர்ப்பை 5ஆம் வாரத்தை ஒட்டியும், துடிப்பு 6ஆம் வாரத்தை ஒட்டியும் தெரியத் தொடங்கும். இந்த நீர்ப்பை ரிப்போர்ட்டில் "ஜெஸ்டேஷனல் சாக்" என்று இருக்கும். வயிற்று ஸ்கேனில் இவை தெரிய ஏறத்தாழ ஒரு வாரம் கூடுதலாகும். கருவின் நீளம் உள்ஸ்கேனில் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது நீர்ப்பையின் சராசரி அளவு 25 மில்லிமீட்டரைத் தொட்டும் உள்ளே கரு இல்லை என்றால்தான் கர்ப்பம் தொடரவில்லை என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. அதிலும் இரண்டாவது நிபுணர் பார்ப்பது, மறு ஸ்கேன் எடுப்பது என்று உறுதிசெய்துகொள்வார்கள். அளவு அதற்குக் கீழே இருந்தால் உள்ஸ்கேனை குறைந்தது 7 நாள் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும். வயிற்று ஸ்கேன் மட்டுமே வசதி என்றால் 14 நாள். அதற்கு முன் கலைப்பு மாத்திரைக்கு யாராவது அவசரப்படுத்தினால், ரிப்போர்ட்டிலுள்ள மில்லிமீட்டர் கணக்கை எடுத்துக்காட்டி இன்னொரு இடத்தில் கேளுங்கள்.

11 – 13 வார என்.டி. ஸ்கேனிலும் இதே சிக்கல் வரலாம். குழந்தையின் பின்கழுத்து சரியாகப் பிடிபடவில்லை என்றால் அதையும் உள்வழியாகப் பார்க்கச் சொல்லலாம். ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி படுத்தாலே குழந்தை திரும்பிக் கொடுப்பதும் உண்டு.

ரத்தம் படுகிறது, ஒரு பக்கமாகக் குத்துகிறது

இதைச் சாய்வின் கணக்கில் எழுதாதீர்கள். பின்சாய்வால் ரத்தப்போக்கு வராது. சாய்வு மட்டுமே காரணமாகக் கரு கலைவதும் இல்லை. "உனக்குக் கருப்பை திரும்பியிருக்கு, அதான்" என்று சமாதானம் சொல்லிப் பொழுதைக் கடத்துவதுதான் ஆபத்து. ஒருபக்க வலி, தோள்பட்டை முனையில் வலி, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேன் இதுவரை உறுதிசெய்யாதவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதைப் போனவுடன் சொல்லிவிடுங்கள். ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போடுவார்கள்.

இடுப்பும் வால் எலும்பும் இழுக்கிறது

முதல் மூன்று மாதத்தில் பின்சாய்வு உள்ளவர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். வளரும் கருப்பை பின்னாலிருக்கும் தசைநார்களையும் மலக்குடலையும் அழுத்துகிறது. மல்லாந்து படுத்தால் கூடும், ஒருக்களித்தால் குறையும். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்து ஒருக்களித்துப் படுங்கள். பகலில் சில தடவை, நான்கு கால் நிலையில் இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள், குழந்தையை முதுகில் ஏற்றி யானை விளையாடுவோமே அந்த நிலை. எடை முன்னால் போகும்போதே இழுப்பு தளர்வது தெரியும். குப்புறப் படுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வயிறு இடிக்காத இந்த ஆரம்ப வாரங்களில் தாராளமாகப் படுக்கலாம்.

வலி மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். மருந்துக்கடையில் கேட்டாலே கிடைக்கிறதென்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்காதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே ஒருபக்க வலி இருந்தால் அது சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம், அன்றே போக வேண்டும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருப்பையை "நேராக்க" எண்ணெய் தேய்த்து அடிவயிற்றை நீவிவிடும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. வெளியிலிருந்து நீவுகிற கை இடுப்பெலும்புக்குள் இருக்கும் கருப்பையை எட்டவே எட்டாது. பலன் கிடையாது, அடிபடும் அபாயம் மட்டும் உண்டு.

உறவின்போது ஆழத்தில் வலி

பின்சாய்ந்த கருப்பையும், சிலருக்குச் சூலகமும், இடிபடும் இடத்தில் இருப்பதால் வருவது. சிறுநீர் கழித்துவிட்டு, பக்கவாட்டில் படுத்தோ, ஆழத்தைப் பெண்ணே கட்டுப்படுத்தும் நிலையிலோ முயன்றால் பெரும்பாலும் சரியாகும். 14 வாரம் தாண்டினால் தானே குறையும். கர்ப்பத்துக்கு முன்பே, மாதவிடாய்க் காலத்தில் மலம் கழிக்கும்போதும் கடுமையான வலி இருந்திருந்தால், எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம் என்பதை மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். கீழே வரும் சிறுநீர் அடைப்புப் பகுதிக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.

மலச்சிக்கல்

சாய்வை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, கர்ப்ப ஹார்மோன் குடலை மந்தமாக்குகிறது. நான்காம் மாதத்திலிருந்து தரும் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். மாத்திரையை நிறுத்தாதீர்கள். தண்ணீர், கீரை, கொய்யா, தோலோடு பயறு ஆகியவற்றைக் கூட்டுங்கள். போதாவிட்டால் இசப்கோலோ லாக்டுலோஸோ கேட்டு வாங்கலாம். விளக்கெண்ணெயும் நிலாவாரையும் கர்ப்பத்தில் கைவைத்தியமாக வேண்டாம். கழிப்பறையில் முக்காதீர்கள். முக்குகிற ஒவ்வொரு தடவையும் பின்சாய்ந்த கருப்பை இன்னும் கீழே, இன்னும் பின்னே அழுத்தப்படுகிறது.

சிறுநீர் வரமாட்டேன் என்கிறது (12 – 18 வாரம்)

கருப்பை பெரிதாகிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அதன் உச்சி முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் குழிவில் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். குழிவின் மேல்விளிம்பு கூரைபோல நீட்டிக்கொண்டிருப்பதால் உச்சியால் மேலே ஏற முடியாது. அப்போது எதிர்முனையான கருப்பை வாய் முன்னும் மேலுமாகத் தள்ளப்பட்டு, இடுப்பின் முன்னெலும்புக்குப் பின்னால் போய் சிறுநீர்ப்பையின் கழுத்தை நசுக்கும். குழாயை மிதித்தால் தண்ணீர் நிற்பதுபோலத்தான். ஒட்டல், எண்டோமெட்ரியோசிஸ், பின்சுவரில் ஃபைப்ராய்டு கட்டி, முந்தைய இடுப்பு அறுவை, முந்தைய கர்ப்பத்தில் இதே சிக்கல் ஆகியவை உள்ளவர்கள் 12ஆம் வாரத்திலிருந்தே கவனமாக இருக்க வேண்டும்.

அறிகுறி ஒரே நாளில் வருவதில்லை. முதலில் சிறுநீர் தொடங்கத் தாமதமாகும். பிறகு வேகம் குறையும். போய்விட்டு வந்தும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும். காலையில் எழுந்ததும் மோசமாக இருக்கும், ஏனெனில் இரவு முழுக்க நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையை ஏற்கெனவே பின்னால் தள்ளி வைத்திருக்கிறது.

எல்லோரும் ஏமாறும் கட்டம் அடுத்து வருகிறது. சிறுநீர்ப்பை பொங்கி வழிய ஆரம்பித்ததும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், உள்ளாடை நனையும். "மாசமா இருந்தா அடிக்கடி வரத்தான் செய்யும்" என்று வீட்டில் சொல்வார்கள். நீர்க்கடுப்பு என்று ஆன்டிபயாடிக் எழுதப்படும். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலும் மாத்திரை தொடரும். அடிவயிறு உருண்டு திரண்டிருப்பதை வளர்ந்த கருப்பை என்று தொட்டுப் பார்ப்பவரும் நினைக்கலாம், அது நிரம்பிய சிறுநீர்ப்பையாக இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி அளவெடுப்பது. வீட்டில் ஒரு அளவுக் குவளையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது என்று ஒருநாள் குறித்துவையுங்கள். சாதாரணமாக ஒருதடவைக்கு 200லிருந்து 400 மில்லி வரும். 30, 50 என்றே ஓடினால், எண்ணிக்கை எத்தனை இருந்தாலும் பை காலியாகவில்லை. மருத்துவமனையில் இதை உறுதிசெய்ய, சிறுநீர் கழித்தவுடன் ஸ்கேனில் மிச்சத்தை அளப்பார்கள். 100 மில்லிக்குள் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. அதற்குமேல் தங்கினால் ஏன் என்று தேட வேண்டும்.

இன்னும் லேசாகத்தான் இருக்கிறது, தாமதித்தாவது முழுதாகப் போகிறது என்றால் வீட்டில் செய்யக்கூடியவை:

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, உந்துதல் வராவிட்டாலும் போங்கள். இரவிலும் ஒருமுறை அலாரம் வைத்து எழுங்கள். உட்கார்ந்ததும் நெஞ்சு தொடையைத் தொடும் அளவுக்கு முன்னே குனியுங்கள், முக்க வேண்டாம். முடிந்ததும் எழுந்து நாலு அடி நடந்து மறுபடி உட்காருங்கள், இரண்டாம் தடவையில் மிச்சம் வரும். படுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் அதிகம் குடிக்காதீர்கள், ஆனால் பகலில் தண்ணீரைக் குறைத்துவிட வேண்டாம். வரமாட்டேன் என்கிறதே என்று குடிப்பதை நிறுத்துகிறவர்களுக்குத் தொற்றுதான் மிஞ்சும். மல்லாந்து படுப்பதைத் தவிருங்கள்.

இதோடு முழங்கால்-நெஞ்சு நிலை. மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு செய்யுங்கள், ரத்தப்போக்கு உள்ளவர்கள் செய்ய வேண்டாம்.

1. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். முடிந்தவரை சிறுநீர் கழித்துவிடுங்கள்.
2. பாயின் மேல் மடித்த போர்வை விரித்து முழந்தாளிடுங்கள். முழங்கால்கள் இடுப்பகலத்துக்கு விலகியிருக்கட்டும்.
3. முன்னங்கைகளை ஊன்றி, நெஞ்சையும் ஒருபக்கக் கன்னத்தையும் பாயில் வையுங்கள். தொடை தரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், பிட்டம்தான் மிக உயரமான இடம். தொழுகையில் சஜ்தா செய்யும் நிலையை ஒத்தது, ஆனால் இங்கே நெஞ்சும் தரையில் படவேண்டும்.
4. வயிற்றைத் தளர விட்டு, மூச்சை அடக்காமல் மெதுவாக விடுங்கள்.
5. 5 நிமிடத்தில் தொடங்கி 10 நிமிடம் வரை, நாளுக்கு மூன்று வேளை.
6. சட்டென்று எழாமல் பக்கவாட்டில் சாய்ந்து எழுந்து, நேராகக் கழிப்பறைக்குப் போங்கள்.

பலன் இல்லாமல் போவதற்கு இரண்டு காரணம் அடிக்கடி காண்கிறோம். ஒன்று, பிட்டத்தைக் குதிகாலில் வைத்து உட்கார்ந்துவிடுவது. அப்போது இடுப்பு சரியாது, கருப்பையும் குழிவைவிட்டு நகராது. இன்னொன்று, நிரம்பிய சிறுநீர்ப்பையோடு செய்வது. வழியை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். தலைசுற்றினாலும் வலித்தாலும் நிறுத்திவிடுங்கள்.

வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லாத நிலை: ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, அல்லது போக வேண்டும் என்ற வேதனை இருந்தும் சொட்டுத்தான் வருகிறது, அல்லது சிறுநீர் அடைப்போடு காய்ச்சலோ கடும் வயிற்று வலியோ இருக்கிறது. நேரம் பார்க்காமல் பிரசவ வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. போனதும் மூன்று தகவலைச் சேர்த்துச் சொல்லுங்கள்: இத்தனையாவது வாரம், கருப்பை பின்சாய்வு என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது, சிறுநீர் அடைத்திருக்கிறது. மூன்றும் ஒன்றாகக் காதில் விழுந்தால் மருத்துவரின் யோசனை சரியான பக்கம் திரும்பும்.

அங்கே நடப்பது இதுதான். முதலில் கதீட்டர் என்ற டியூபைப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றி அளப்பார்கள், அரை லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். சிலருக்குச் சிறுநீர்ப்பை காலியானதுமே கருப்பை தானாக எழுந்துவிடும். எழாவிட்டால் டியூபை வைத்துக்கொண்டே முழங்கால்-நெஞ்சு நிலை. அதற்கும் அசையவில்லை என்றால் மருத்துவர் யோனி வழியாகவோ மலக்குடல் வழியாகவோ விரலால் கருப்பையின் உச்சியை மேலே தள்ளுவார். திருவெலும்பின் விளிம்பில் முட்டாமலிருக்க நடுக்கோட்டிலிருந்து சற்று விலக்கித்தான் தள்ளுவார்கள். வலி தாங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்துச் செய்வதும் உண்டு. பிறகு ஸ்கேனில் நிலையைப் பார்ப்பார்கள். மறுபடி சரியாமலிருக்கச் சிலருக்கு யோனிக்குள் பெஸரி என்ற தாங்கு வளையம் வைத்து, கருப்பை போதிய அளவு பெரிதானதும் எடுத்துவிடுவார்கள். இதற்குப் பயன்படும் ஒரு வகைக்கு ஹாட்ஜ் பெஸரி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த ஹியூ லெனாக்ஸ் ஹாட்ஜ் வடிவமைத்தது, இன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் புழக்கத்தில் இருக்கிறது.

டியூப் போட்டதும் நிம்மதியாகிவிட்டது என்று அன்றே எடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்களில் பலர் மறுநாள் காலை அதே அடைப்போடு வருவார்கள். வெளியேறியது நீர் மட்டும், மாட்டிய கருப்பை மாட்டியபடியே இருக்கிறது. கருப்பை நிமிர்ந்துவிட்டதா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லும்வரை கிளம்பாதீர்கள்.

14 வாரம் ஆகியும் வயிறே தெரியவில்லை

சிறுநீர் சரியாகப் போகிறது என்றால் கவலைக்கு இடமில்லை. பின்சாய்வு உள்ளவர்களுக்கு வயிறு கொஞ்சம் தாமதமாகத்தான் மேடிடும், டாப்ளர் கருவியில் துடிப்பு கேட்பதும் ஒன்றிரண்டு வாரம் பிந்தும். 12ஆம் வாரத்தில் முன்னெலும்புக்குச் சற்று மேலே, 16இல் அதற்கும் தொப்புளுக்கும் நடுவில், 20இல் தொப்புளருகே கருப்பையின் உச்சி இருக்கும் என்பது பொதுக்கணக்கு. 16ஆம் வாரத்திலும் கைக்கு எட்டவே இல்லை, கூடவே சிறுநீர்த் தொந்தரவும் இருக்கிறது என்றால் மேலே சொன்ன பகுதிக்குத் திரும்புங்கள்.

20 வாரம் கடந்தும் நிமிரவில்லை

இது அபூர்வம், ஆனால் தெரியாமல் போவதும் நடக்கிறது, ஏனென்றால் சிறுநீர் அடைப்பு எல்லோருக்கும் கடுமையாக வருவதில்லை. உள்ஸ்கேனில் கருப்பை வாயைத் தேடியும் கிடைக்கவில்லை, நஞ்சுக்கொடி மிகக் கீழே இருக்கிறது என்ற இரண்டும் ஒரே ரிப்போர்ட்டில் வந்தால், கருப்பை நிமிர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தலைகீழாகக் கிடக்கும் கருப்பையில் மேலே இருக்க வேண்டிய நஞ்சுக்கொடி கீழே இருப்பதுபோலத் தோன்றும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெளிவாகும். 20 வாரத்துக்குப் பிறகு கையால் நிமிர்த்துவது கடினம், ஒவ்வொரு வாரமும் கூடுதல் கடினம். கடைசிவரை நிமிராவிட்டால் பிரசவம் சிசேரியன்தான். அதை அனுபவமுள்ளவர் கையில், முன்கூட்டியே படம் பார்த்துத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். யோனியும் சிறுநீர்ப்பையும் மேல்நோக்கி இழுபட்டிருப்பதால், வழக்கமான இடத்தில் கத்தி வைத்தால் கருப்பைக்குப் பதில் அவை வெட்டுப்படலாம்.

நேரத்தில் நிமிர்ந்துவிட்டவர்களுக்குப் பிரசவத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. சுகப்பிரசவத்துக்குச் சாய்வு தடையல்ல.

பிரசவத்துக்குப் பிறகு

கருப்பை சுருங்கி இடுப்புக்குள் இறங்கும்போது பழையபடி பின்னால் சாயலாம். அதற்குச் சிகிச்சை தேவையில்லை. காப்பர்-டி போடப்போகும்போது மட்டும் பின்சாய்வு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று கையால் பார்க்காமல் கருவியை நேராகச் செலுத்தினால் கருப்பைச் சுவர் துளைபடக்கூடும். தெரிந்திருந்தால் கருப்பை வாயைப் பிடித்து இழுத்து நேராக்கிக்கொண்டு போடுவார்கள். அடுத்த கர்ப்பத்தின் முதல் ஸ்கேனுக்குப் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். முன்பு சிறுநீர் அடைத்திருந்தால் எந்த வாரத்தில் என்பதை அதன் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.